டயட் கோக்கும் அப்பாவின் நாட்டுச்சர்க்கரையும்

டிஸ்கி: அடியேன் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஊர் வழக்கப்படி சிறுசேரியில் கோடு அடித்துப் பிழைக்கும் ஜீவன். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்க டாக்டரைக் கேட்டுச் செய்யுங்க. என்னிடம் இருப்பது கொஞ்சம் புள்ளிவிவரமும் நிறைய வயிற்றெரிச்சலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் வழக்கமான டீக்கடை. அப்பாவோடு வாக்கிங் வரும் அங்கிள் ஒருவர், என் பைக் பையில் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த டயட் கோக் டின்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, இதைத் தொடாதப்பா. இதக் குடிச்சா நூத்துல முப்பத்தெட்டு பேருக்கு சுகர் வருதாம். ஆஸ்திரேலியாக்காரன் கண்டுபிடிச்சிருக்கான். வாட்ஸப்ல வந்துச்சு."

சாதாரணமா இந்த மாதிரி இடத்தில் "சரிங்க அங்கிள்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்னைக்கு முடியலை. ஏன் முடியலைன்னு பின்னாடி சொல்றேன். முதலில் அந்த முப்பத்தெட்டைப் பார்ப்போம்.

ஆய்வு நிஜம்தான். மெல்போர்னில் 36,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 14 வருஷம் பின்தொடர்ந்து, 2025-ல் வெளியிட்டார்கள். தினம் ஒரு டயட் பானமாவது குடிப்பவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 38 சதவீதம் அதிகம். சர்க்கரை போட்ட பானம் குடிப்பவர்களுக்கு 23 சதவீதம் அதிகம். பத்திரிகைகள் எல்லாம் "டயட் பானம் சர்க்கரையை விட மோசம்" என்று கொண்டாடித் தீர்த்துவிட்டன.

"38 சதவீதம் அதிகம்" என்றால் நூற்றில் 38 பேருக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. அந்த 14 வருஷத்தில் மொத்தமாக சுகர் வந்தவர்கள் ஏறக்குறைய 1,800 பேர். அதாவது நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தின் மேல் 38 சதவீதம் ஏற்றினால் ஏழு. குடிக்காத நூறு பேரில் ஐந்து பேர், தினம் குடிக்கிற நூறு பேரில் ஏழு பேர், அதுவும் 14 வருஷத்தில். (மனக்கணக்குதான், ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கும்.) ஐந்துக்கும் ஏழுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரலை. ஒரு ஊருக்கே கணக்குப் போட்டால் அது பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அங்கிள் பயந்தது முப்பத்தெட்டுக்கு. ஆடித் தள்ளுபடியில் "50% வரை" என்று போட்டால் "எதில் ஐம்பது?" என்று தி.நகர் வரை போய்ச் சண்டை போடுகிற நாம், உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இந்த "டயட் பானம் குடித்தால் சுகர்" கதை புதுசும் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் மீசா என்ற ஆய்வில், தினம் டயட் சோடா குடிப்பவர்களுக்கு 67 சதவீதம் அதிகம் என்று வந்தது. 2013-ல் பிரான்சில் 66,118 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலும் தொடர்பு தெரிந்தது. 2023-ல் மறுபடி பிரான்ஸ், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், மறுபடி தொடர்பு. இத்தனை பேர் சொல்லும்போது ஏதோ இருக்கத்தானே வேணும்?

இருக்கு. ஆனால் என்ன இருக்கு என்பதில்தான் மேட்டர்.

நம்ம தொழிலில் இருந்தே ஒரு உதாரணம். உங்க சர்வர் லாக்கை ஒரு வருஷத்துக்கு எடுத்துப் பாருங்க. சர்வர் படுத்துக்கொண்ட நாளில் எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் லாகின் ஆகியிருப்பான். படுக்காத நாளில் அவன் பெயரே இருக்காது. லாக்கை மட்டும் பார்க்கிற புது மேனேஜர் என்ன முடிவுக்கு வருவார்? "இவன் லாகின் ஆனாலே சர்வர் போயிடுது, அக்சஸைப் புடுங்கு." பாவம், அவன் ஆன்-கால் ஆள். சர்வர் தள்ளாட ஆரம்பித்ததால் எழுந்து வந்தவன்.

டயட் பானம் குடிக்கிறவன் யார்? இதோ, நானே சாட்சி. 2018-ல் கேம்பஸில் வேலைக்குச் சேர்ந்தபோது 62 கிலோ. கொரோனா வந்தது, வீட்டில் இருந்தே வேலை, அம்மா சமையல், ஒரு நாளைக்கு ரெண்டு சாதா கோக். 84 கிலோ. கம்பெனியில் வருஷாந்திர செக்கப்பில் ஹெச்பிஏ1சி 5.9 என்று வந்தது. 5.7-ல் இருந்து 6.4 வரை "முன் நீரிழிவு", அதாவது வாசலில் செருப்பைக் கழட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்பா சுகர் பேஷண்ட், தாத்தாவும் சுகர் பேஷண்ட். அன்னைக்கு சாயந்திரம்தான் வாழ்க்கையில் முதல் டயட் கோக் வாங்கினேன்.

இப்ப ஒரு ஆராய்ச்சியாளர் வந்து "தம்பி, என்ன குடிக்கிறே?" என்று கேட்டால் "தினம் ஒரு டயட் கோக்" என்பேன். டிக் அடித்துக்கொள்வார். பத்து வருஷம் கழித்து எனக்கு சுகர் வந்தால் (தங்கமணி இதைப் படித்தால் "வாயைக் கழுவு" என்பாள்) கணக்கில் எப்படி ஏறும்? டயட் கோக் குடித்தான், சுகர் வந்தது. தாத்தா, 84 கிலோ, அதுக்கு முன்னாடி குடித்துத் தீர்த்த சாதா கோக் எல்லாம் எங்கே போகும்?

ஆய்வு செய்கிறவர்கள் இது தெரியாத முட்டாள்கள் இல்லை. எடை, வயது, புகைபிடித்தல், குடும்பத்தில் சுகர் உண்டா என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழிக்கிறார்கள். எவ்வளவு நல்லா கழிக்கிறார்கள் என்பதில்தான் விடை மாறுகிறது. 2011-ல் ஹார்வர்டுக்காரர்கள் 40,389 ஆண்களை வைத்துச் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. வயதை மட்டும் கழித்துப் பார்த்தபோது, டயட் பானம் அதிகம் குடிப்பவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 1.91. பிறகு எடை, ஆய்வில் சேர்வதற்கு முன்னாலேயே எடை ஏறியிருந்ததா, டயட்டில் இருந்தாரா, என்னென்ன வியாதி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். 1.91 அப்படியே இறங்கி 1.09-க்கு வந்துவிட்டது. தற்செயலாகவே வரக்கூடிய அளவு. சர்க்கரை போட்ட பானத்தின் எண்ணோ 1.25-ல் ஆரம்பித்து 1.24-ல் நின்றது. அசையவே இல்லை. யார் ஆன்-கால் ஆள், யார் நிஜமான பக் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

அப்படியே இதை முடித்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் மெல்போர்ன் ஆய்வில் கதை தலைகீழ். அங்கே எடையைக் கழித்தபிறகு சர்க்கரை பானத்தின் தொடர்பு மங்கிவிட்டது, டயட்டினுடையது நின்றுவிட்டது. "பாத்தியா, டயட்தான் வில்லன்" என்று அங்கிள் சொன்னதன் அடிப்படை இதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கு. சர்க்கரை பானம் எப்படி சுகரைக் கொண்டு வருது? பெரும்பாலும் தொப்பை வழியாகத்தான். அப்ப எடையைக் கழித்தால் என்ன ஆகும்? திருடன் வந்த பாதையில் இருந்த கால்தடத்தை நாமே பெருக்கித் தள்ளிவிட்டு "இந்த ஆள் வரவே இல்லையே" என்று சொன்ன மாதிரி ஆகும். ஆகவே எடையைக் கழித்தபின் சர்க்கரை பானம் நல்லபிள்ளையாகத் தெரிவது அது நல்லபிள்ளை என்பதற்கு ஆதாரம் இல்லை. டயட்டின் தொடர்பு மிச்சமிருப்பது? நிஜமான விளைவாகவும் இருக்கலாம், கழிக்காமல் விட்டுப்போன ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். 2022-ல் இஸ்ரேலில் 120 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாரத்தில் சாக்கரினும் சுக்ரலோஸும் குடல் பாக்டீரியாவைக் கலைத்து, குளுக்கோஸ் ஏற்றத்தைக் கொஞ்சம் கெடுத்ததைக் காட்டினார்கள். அஸ்பார்டேமும் ஸ்டீவியாவும் குளுக்கோஸைத் தொடவில்லை. ஆகவே "எல்லாம் கப்சா" என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. "நிரூபணம் ஆயிடுச்சு" என்று சொல்லவும் தயாராக இல்லை. இரண்டு பக்கமும் கல் விழும் இடத்தில் நிற்கிறேன், பார்த்து எறியுங்க :-)

இப்ப கொசுவர்த்தி சுத்தற நேரம். அன்னைக்கு ஏன் "சரிங்க அங்கிள்" சொல்ல முடியலைன்னு.

2023 மே 15. உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எடையைக் குறைப்பதற்கோ, சர்க்கரை நோய் போன்றவை வராமல் தடுப்பதற்கோ செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று. மறுநாளே எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா தட்டிவிட்டார்: "சுகர்ஃப்ரீ விஷம்! உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது!!" கூடவே மண்டை ஓடு படம் ஒன்று.

அப்பாவுக்குப் பல வருஷமா சுகர். ரிட்டயர்டு ரயில்வே கிளார்க், எதையும் ஃபைல் போட்டு வைக்கிற ஆள், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தேதி வாரியா இருக்கும். தினம் மூணு டீ, மூணுக்கும் சுகர்ஃப்ரீ மாத்திரை, ஹெச்பிஏ1சி 7.1. அந்த ஃபார்வர்டைப் பார்த்ததும் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டார். சரி, சர்க்கரை இல்லாத டீயா குடித்தார்? அதுதான் இல்லை. மேற்கு தாம்பரம் கடைத்தெருவில் போய் ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை வாங்கி வந்தார். "இது கெமிக்கல் இல்லடா, இயற்கை." டீக்கு ரெண்டு ஸ்பூன். இயற்கையாச்சே என்று சில நாள் மூணு.

நான் அதே வீட்டில்தான் இருந்தேன். மேலே எழுதிய ஆய்வுகளில் பாதியை அப்பவே படித்தும் இருந்தேன். ஆனால் அந்த மூணு மாசம் ரிலீஸ், ராத்திரி வந்து சாப்பிட்டுப் படுப்பதோடு சரி. அப்பா டீயில் என்ன போட்டுக்கொள்கிறார் என்று பார்க்கவே இல்லை. அடுத்த ரிப்போர்ட் வந்தபோதுதான் தெரிந்தது. 8.7. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "வெளியில ஏதாவது ஸ்வீட் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அப்பா உண்மையாகவே நெஞ்சில் கை வைத்து "இல்லீங்க சார்" என்றார். அவர் மனசில் நாட்டுச்சர்க்கரை ஸ்வீட் கணக்கிலேயே வராது. சாயந்திரம் ஃபைலில் அந்த ரிப்போர்ட்டை வைக்கும்போது, பழைய 7.1-ஐயும் புது 8.7-ஐயும் மாத்தி மாத்திப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியலை.

அந்த ஒரு காரணத்தால் மட்டுமே 8.7 ஆனது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு கட்டினால் மேலே எழுதினதுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஆனால் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்கு கலர் தெரியாது.

என் வயிற்றெரிச்சல் இனிமேல்தான். அந்த உலக சுகாதார நிறுவன அறிக்கையை அதுக்கப்புறம் முழுசாகத் திறந்து படித்தேன். ஏற்கனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும்தான், அவர்களுக்கு இல்லை. அதோடு இதை "நிபந்தனைக்குட்பட்ட" பரிந்துரை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஏனென்றால் இனிப்பூட்டி பயன்படுத்தும் ஆட்களே வேறு மாதிரி ஆட்களாக இருப்பதால் தொடர்பு குழம்பியிருக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆன்-கால் ஆள் விஷயம் ஜெனீவாவுக்கே தெரிந்திருக்கு, சித்தப்பாவுக்குத்தான் தெரியலை. அந்த ஒற்றை வரி ஃபார்வர்டில் இருந்திருந்தால் அப்பா டப்பாவைக் குப்பையில் போட்டிருக்க மாட்டார்.

சரி, அப்பா மாதிரி ஆளுக்கு யாராவது ஆய்வு பண்ணியிருக்காங்களா? அமெரிக்க, பிரெஞ்சு, ஆஸ்திரேலிய ஆட்கள் டின் டின்னாகக் குடிப்பதை வைத்துச் செய்த ஆய்வில் கேம்ப் ரோட்டு டீ கிளாஸ் எங்கே வருது?

பண்ணியிருக்காங்க. அதுவும் நம்ம சென்னையில். மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டாக்டர் வி. மோகன் குழு. நான் தினம் பஸ்ஸில் போகிற அதே சிறுசேரியில் அவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி மையம் கூட உண்டு. 2024-ல் வெளிவந்த ஆய்வு. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 179 பேர், இரண்டு குழு. ஒரு குழு டீ, காபியில் போடும் சர்க்கரைக்குப் பதிலாக சுக்ரலோஸ் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு குழு எப்போதும் போல சர்க்கரை. 12 வாரம். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். இந்தக் குலுக்கலுக்குத்தான் நான் ரசிகன். குண்டானவன், பயந்தவன், தாத்தாவுக்கு சுகர் உள்ளவன் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து விழுந்துவிடுவான். ஆன்-கால் ஆள் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. (ஹெச்பிஏ1சி கடைசி ரெண்டு மூணு மாசத்துச் சராசரியைக் காட்டும் என்பதால் 12 வாரம் மட்டுமட்டாகப் போதும்.)

முடிவு? சுக்ரலோஸ் குழுவில் ஹெச்பிஏ1சி-யில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. எடை சராசரியாக 0.3 கிலோ குறைந்தது. இடுப்புச் சுற்றளவும் துளியூண்டு.

இதைப் படித்து "அட, இவ்வளவுதானா" என்று எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுகர்ஃப்ரீ போட்டு சுகர் குறையவும் இல்லை, ஏறவும் இல்லை. இதையே ஒருவர் "பயனே இல்லை" என்று எழுதலாம், இன்னொருவர் "பாதுகாப்பானது, எடையும் குறையும்" என்று எழுதலாம். இரண்டு தலைப்பும் பொய் இல்லை. 12 வாரத்தில் 14 வருஷக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆய்வு ஒரு காரியம் சரியாகச் செய்தது. "சுகர்ஃப்ரீ நல்லதா கெட்டதா" என்று மொட்டையாகக் கேட்காமல், "யாருக்கு, எதற்குப் பதிலாக" என்று கேட்டது. இந்தக் கேள்வி அந்த ஃபார்வர்டில் இல்லை. இருந்திருந்தால் "நாட்டுச்சர்க்கரைக்குப் பதிலாகவா, வெறும் டீக்குப் பதிலாகவா?" என்று அப்பா யோசித்திருப்பார். எனக்கும் அதே கேள்விதான். என் டயட் கோக் சாதா கோக்குக்குப் பதிலாக வந்தவரை லாபம். தண்ணிக்குப் பதிலாக வர ஆரம்பித்தபோது (ஆபீஸ் ஃப்ரிட்ஜில் ஓசியில் கிடைக்குதே!) நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கணக்கு. ரெண்டு ஸ்பூன் போட்ட டீ மூணு குடித்தால் 30 கிராம் சர்க்கரை. 300 மில்லி சாதா கோலாவில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "நான் கூல்டிரிங்ஸ் தொடவே மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிற நம்மாட்கள் பாதிப்பேர் தினம் ஒரு பாட்டில் கோலாவை மூணு தவணையில் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறார்கள். சாப்பாட்டுப் பக்கம் போகவே பயமா இருக்கு. 2009-ல் இதே மோகன் குழு, சென்னையில் தீட்டிய அரிசி மாதிரியான தானியம் அதிகம் சாப்பிடுபவர்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட சுகர் பல மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். இதுவும் பார்த்துக் குறித்த ஆய்வுதான், மேலே டயட் கோக்குக்கு நான் கேட்ட அத்தனை கேள்வியையும் இதனிடமும் கேட்கணும். கேட்டுவிட்டு, மதியம் தட்டில் மூணாவது கரண்டி சாதம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்க. டின்னைப் பிடுங்க வந்த அங்கிளே "சோத்துல கைய வைக்காதப்பா" என்பார்.

2023-ல் லான்செட் இதழில் வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு சுகர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். எங்க டீக்கடை பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்தால் ஒருத்தர்.

அன்னைக்கு இதை எல்லாம் அங்கிளிடம் சொல்லலை. அவ்வளவு பொறுமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஐந்து, ஏழு கணக்கை மட்டும் பேப்பர் ஓரத்தில் போட்டுக் காட்டினேன். "ஓஹோ" என்றார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத டீயை மருந்து மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தார். காலை காபிக்கு மட்டும் மறுபடி ஒரு சுகர்ஃப்ரீ மாத்திரை, மற்றதெல்லாம் வெறும் டீ என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். கடைசி ரிப்போர்ட் 7.4. மாத்திரையும் கூடியிருப்பதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னுடைய டெஸ்ட் அடுத்த மாசம்.

"அங்கிள், நீங்க கடைசியா எப்ப சுகர் டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா டெஸ்ட்டு? நான்தான் இந்த கோக்கு கீக்கெல்லாம் தொடறதே இல்லையே" என்றவர், மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஒரு டீ போடுப்பா. சக்கரை தூக்கலா."